சுக்கான் பிடித்தவனின் இடது காது

எங்கள் பயணிகள் லோஞ்ச் ஓட்டுநர் சங்கத்தில் புதிதாக ஒரு தீர்மானம் போட்டிருக்கிறார்கள். இனிமேல் சுக்கான் பிடிக்க வருகிறவர்கள் கண்ணை மட்டுமல்ல, காதையும் டொக்டரிடம் காட்டிவிட்டு வரவேண்டுமாம். கூட்டத்தில் ஒருவர் எழும்பி, “காதாலை ஆர் லோஞ்ச் ஓட்டுறது?” என்று கேட்க, மண்டபம் முழுக்கச் சிரிப்பு. தலைவர் என்ன செய்தார் தெரியுமா? “சூசை அண்ணையைப் போய்க் கேளுங்கோ” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் நாலைந்து பேர் என் வீட்டுப் படலையில் நின்றார்கள். வாயால் சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்தால் பாதி பகிடி என்றுதான் தீவுப்பகுதியில் எல்லாரும் நினைப்பார்கள். ஒரு தரம் அப்படி நினைத்ததால் வந்த வினை போதும். ஆகவே எழுதித் தருகிறேன்.

நான் ஊர்காவற்றுறைக்காரன். தொழில் பழகிய கதையை நீட்டினால் கொட்டாவி விடுவீர்கள். அப்பருடைய வள்ளத்தில் தண்ணீர் இறைத்தேன். பிறகு ஒரு லோஞ்சில் கயிறு எறிகிற வேலை. முதல் நாள் எறிந்த கயிறு இறங்குதுறைக் கட்டையில் விழாமல், அங்கே நின்ற பாதிரியாரின் கழுத்தில் மாலையாக விழுந்தது. பிறகு இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டேன். இயந்திரம் குடித்ததைவிட என் சட்டை குடித்தது அதிகம். கடைசியில் சுக்கானைத் தந்தார்கள். மற்ற வேலைகளில் நான் செய்த சேதத்தைத் தாங்க ஏலாமல்தான் தந்திருக்க வேண்டும். அதிசயம் பாருங்கள், சுக்கான் மட்டும் என் கைக்குப் பணிந்தது.

தொண்ணூற்றாறுக்குப் பிறகு, இடம்பெயர்ந்த சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவுகளுக்குத் திரும்பிய காலத்தில், குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் ஓடிய சிற்றம்பலம் முதலாளியின் லோஞ்சில் சேர்ந்தேன். முதலாளி தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எண்ணெயும் மீன் செதிலும் படிந்த இறங்குதுறையில் அவருடைய வேட்டியில் மட்டும் ஒரு புள்ளி இருக்காது. சத்தம் போட்டுப் பேசமாட்டார். சிரிக்கவும் மாட்டார். என் பகிடிகள் எல்லாம் அவருக்கு முன்னால் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து செத்துப்போகும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் முதல் ஓட்டத்துக்கு முன் இறங்குதுறையில் நின்று, தகரப் பேணி நிறைய, விளிம்பு வரைக்கும், சாயத் தேத்தண்ணி வார்த்துச் சுக்கான் பிடிக்கிறவனின் கையில் தருவார். அதை ஏந்திக்கொண்டு ஒற்றைப் பலகையில் நடந்து லோஞ்சுக்குள் இறங்கி, சுக்கானடியில் நின்று குடிக்க வேண்டும். வழியில் சிந்தினால் முதல் நாள் கள்ளு இன்னும் உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அவனுக்குச் சுக்கான் இல்லை. ஒரு வார்த்தை ஏசமாட்டார். பேணியைத் திருப்பி வாங்கி, அதன் வாயைத் துடைத்து, அடுத்த ஆளுக்கு நிரப்புவார். அந்தத் துடைப்பைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம் என்று ஒருவர் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

நான் சிந்தியதே இல்லை. அது என் ஒழுக்கத்தால் அல்ல. கள்ளு குடித்தால் எனக்குத் தும்மல் வரும். தும்மிக்கொண்டே வெறியில் இருப்பது பார்க்கச் சகிக்காது என்று மனைவி பிலோமினா சொன்னதால் விட்டுவிட்டேன்.

சமாதான காலம் வந்தது. பாதை திறந்தது. தெற்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சனம் நயினாதீவுக்குக் குவிந்தது. அந்த நாட்களில்தான் லோஞ்சின் இயந்திரச் சத்தம் மாறியது.

எங்கள் இயந்திரக்காரர் அருளப்பு அண்ணை. இயந்திரத்தைத் தன் பிள்ளையைவிடக் கவனமாகக் கழுவித் துடைப்பவர். அவரிடம் சொன்னேன்:

“அண்ணை, எஞ்சின் உள்ளுக்கை என்னவோ இரையுது.”

“எனக்கு அப்பிடித் தெரியேல்லையே.”

“உங்கடை காதுக்கை கிறீஸ் அடைச்சிருக்கும். வடிவாய்க் கேளுங்கோ, சங்கு ஊதின மாதிரி.”

பாவம் மனிதர், ஓட்டமில்லாத ஒரு நாள் முழுக்க இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டினார். ஒன்றும் பிழையில்லை. மறுநாள் மாலை லோஞ்சைக் கட்டிவிட்டு நான் சொன்னேன், “இப்பவும் இரையுதண்ணை. நிப்பாட்டுங்கோ ஒருக்கா, கேப்பம்.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “எதை நிப்பாட்டுறது, சூசை? எஞ்சினை மூடிச் சீலையும் போட்டுட்டனே.”

திரும்பிப் பார்த்தேன். இயந்திரம் சீலைக்குள் நித்திரை. தண்ணீர் அசையவில்லை. சத்தம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அது என் இடது காதுக்குள் இருந்தது. வெளியில் என்ன சொன்னேன் தெரியுமா? “அப்ப டீசல் இல்லாமல் ஓடுற எஞ்சின் என்னட்டைத்தான் இருக்கு.” அருளப்பு அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த கிழமை ஒரு காலை, கிணற்றடியில் வாளியை இழுத்துத் தலையில் ஊற்றக் கையை உயர்த்தினேன். கிணற்றுக்கட்டு எழும்பிச் சுற்றியது. வேலி சுற்றியது. வடலிப் பனைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. தலை சுற்றுவது என்றால் தலைக்குள் ஏதோ சுற்றும் என்று நினைத்திருந்தேன். இல்லை. நான் கல்லாட்டம் கிடக்க, உலகம் சுற்றியது. நிலத்தில் குப்புறப் படுத்துப் புல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விட்டால் வானத்துக்குள் விழுந்துவிடுவேன் என்று முழுதாக நம்பினேன். குடலே வெளியில் வருகிற மாதிரிச் சத்தி.

பிலோமினா ஓடிவந்து என்னைக் கிணற்றடியிலிருந்து இழுத்தாள். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்ன, விடியக் காலமையே தொடங்கியாச்சோ?”

“அவர் குடிக்கிறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, அக்கா.”

“அதுதானே! பழக்கமில்லாத ஆக்களுக்குத்தான் இப்பிடி ஏறும்.”

நான் கண்ணை மூடியபடி கிடந்தேன். கண்ணை மூடினாலும் சுற்றியது. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. கண்ணை மூடினால் போகாத ஒன்றை அதுவரை நான் கண்டதில்லை; முதலாளியின் முகம்கூடக் கண்ணை மூடினால் போய்விடும். மத்தியானம் போல் எல்லாம் நின்றது. எழும்பி நடந்தேன். காலுக்குக் கீழே நிலம் பஞ்சு மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் காலை நேரே போய் முதலாளியிடம் சொன்னேன். ஒளித்துவைக்கவில்லை, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

“முதலாளி, எனக்குத் தலை சுத்தி விழுந்தனான். காதுக்குள்ளை எஞ்சின் ஓடுது. கொஞ்ச நாளைக்குச் சுக்கான் வேண்டாம்.”

அருளப்பு அண்ணை, “லோஞ்சிலை வாற சனத்தைத் தலை சுத்தவைக்கிற ஆளுக்குத் தலைச்சுத்தாம்!” என்றார். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. பேணியை நிரப்பி நீட்டினார்.

ஏந்திக்கொண்டு பலகையில் நடந்தேன். மனதுக்குள் மாதாவை வேண்டினேன், ஒரு துளி சிந்தட்டும் என்று. சிந்தவில்லை! நிலத்தில் பஞ்சில் நடக்கிற மாதிரி இருந்த எனக்கு, ஆடுகிற பலகையில் கால் நேராகப் பதிந்தது. தரையில் நான் ஒருவன்தான் ஆடினேன். லோஞ்சில் எல்லாரும் ஆடினார்கள், அங்கே என் ஆட்டம் எனக்கே தெரியவில்லை. சுக்கானடியில் நின்று கடைசி மிடறு வரை குடித்தேன்.

“உமக்கு ஒண்டும் இல்லை, காணும். சுக்கானைப் பிடியும். நீரும் உம்மடை பகிடியும்,” என்றார் முதலாளி.

அதோடு முடிந்தது. பனங்கள்ளைக் கண்டுபிடிக்க வைத்த சோதனை எனக்கு உடல்நலச் சான்றிதழ் தந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பேணியை நானும் நம்பினேன். சிந்தாத மனிதனுக்கு என்ன வருத்தம் இருக்க முடியும்?

நயினாதீவு அம்மன் கோயில் திருவிழாக் காலம். லோஞ்சில் சனம் நெருங்கி நின்றது. கடலில் நட்டிருக்கும் கம்புகளுக்கு நடுவே போகிற வழி உங்களுக்குத் தெரியும்; அந்தப் பக்கம் இந்தப் பக்கம் விலகினால் மணல் திட்டு. நயினாதீவை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கொடியைப் பார்த்து, மூக்கைக் கொஞ்சம் காற்றுக்கு எதிராகக் கொடுத்து, கடைசி நேரத்தில் சுக்கானை ஒடித்தால் லோஞ்சின் விலா இறங்குதுறையில் மெல்லச் சாயும். நல்லாகச் செய்தால் நித்திரையில் இருக்கிற குழந்தை எழும்பாது. அன்றைக்கு எதிரே இன்னொரு லோஞ்ச் சனத்தை ஏற்றிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. நான் ஒதுங்குவதற்காகச் சுக்கானைத் தொட்டேன்.

யாரோ என்னைத் தள்ளினார்கள்.

தலை சுற்றவில்லை. மயக்கமில்லை. முழு அறிவோடு நின்ற என்னை, பின்னாலிருந்து முதுகில் கைவைத்து ஒரே தள்ளாகத் தள்ளின மாதிரி. சுக்கானில் நெஞ்சு அடித்து, அதைப் பிடித்தபடியே கீழே சாய்ந்தேன். என் பாரத்தோடு சுக்கானும் சுற்றியது. லோஞ்ச் மற்ற லோஞ்சை நோக்கித் திரும்பியது. சனம் கத்தின சத்தத்தில் என் காதின் இரைச்சல்கூடக் கேட்கவில்லை.

அருளப்பு அண்ணை எப்படி இயந்திர அறையிலிருந்து வந்தாரோ தெரியாது. என் கையைச் சுக்கானிலிருந்து காலால் உதைத்து விடுவித்து, மறுபக்கம் ஒடித்தார். இரண்டு லோஞ்சுக்கும் இடையில் ஒரு ஆள் நுழைகிற இடம்தான் இருந்திருக்கும். எதிர் லோஞ்சில் விளிம்பில் இருந்த ஒரு அம்மா தன் பிள்ளையின் காலை உள்ளே இழுத்ததைக் கண்டேன். அந்தக் காலில் புதுக் கொலுசு. அது மட்டும் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் என்ன செய்தேன்? எழும்பி உட்கார்ந்து, கோபத்தோடு பின்னால் திரும்பி, “ஆர் என்னைத் தள்ளினது?” என்று கத்தினேன். பின்னால் நின்றது ஒரே ஒருவன், விடுமுறை முடிந்து திரும்புகிற கடற்படைப் பெடியன். அவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, “மம நெவெய், மம நெவெய்” என்று சிங்களத்தில், தான் இல்லை என்று கெஞ்சினான். எங்கள் கடலில், எங்கள் காலத்தில், ஒரு கடற்படைக்காரன் ஒரு தமிழனுக்கு முன்னால் கையைத் தூக்கி நின்றது அந்த ஒரு தரம்தான் இருக்கும். சிரிக்க வேண்டிய காட்சி. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தள்ளினது யாருமில்லை என்பது அவர்களின் முகத்தில் எழுதியிருந்தது.

“வெறிக்குட்டி” என்று ஒரு குரல் என்னைக் குடிகாரனாக்கியது.

திரும்பி வந்ததும் முதலாளி இறங்குதுறையில் நின்றார். செய்தி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது.

“ஊதும்.”

ஊதினேன். மூக்கை என் வாய்க்கு நேரே வைத்து, மீன் வாங்குகிறவர் செவுளை மணக்கிற மாதிரி மணந்தார்.

“இன்னொருக்கா.”

ஊதினேன். அவர் முகம் வெளிறியது. கயிறு கட்டுகிற எண்ணெய்க் கட்டையில், அந்த வெள்ளை வேட்டியோடு, அப்படியே இருந்துவிட்டார்.

“வெறியெண்டா எனக்கு விளங்கும், சூசை,” என்றார் மெதுவாக. “நீர் குடிக்கேல்லை. சிந்தவும் இல்லை. அப்ப இது என்ன?”

“இதைத்தான் முதலாளி அண்டைக்குச் சொன்னனான்.”

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் பேணி நீட்டியதை நான் காணவில்லை.

அவர்தான் தன் வாகனத்தில் என்னையும் பிலோமினாவையும் யாழ்ப்பாணத்துக்கு, காது டொக்டரிடம் அனுப்பினார். டொக்டர் இளம் ஆள். இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் காதடியில் வைத்தார். வலது காதில் கோயில் மணி. இடது காதில் ஒன்றுமில்லை. உள்காதுக்குள் ஒரு திரவம் இருக்கிறதாம், அது பெருகி அழுத்துகிறதாம். உடம்பு நேராக நிற்கிறதா, சரிகிறதா என்று மூளைக்குச் சொல்கிற கருவியும் அங்கேதான் இருக்கிறதாம். இத்தனை வருடம் நான் கையால் ஓட்டினேன் என்று நினைத்திருந்தேன், காதாலும் ஓட்டியிருக்கிறேன்.

“விழ முதல் உங்களுக்கு ஏதும் தெரிஞ்சதோ?” என்று கேட்டார்.

“இல்லை டொக்டர். தெரிஞ்சிருந்தா நல்ல இடமாய்ப் பாத்து விழுந்திருப்பன்.”

“என்ன தொழில் செய்யிறீங்கள்?”

சொன்னேன். அவர் பேனா நின்றது.

“இனி அதைச் செய்ய வேண்டாம். மருந்து தாறன். உப்பைக் குறையுங்கோ. தலைச்சுத்து வரும், போகும். மாசக்கணக்கிலை வராமலும் இருக்கும். ஆனா எப்ப வரும் எண்டு ஒருதராலையும் சொல்லேலாது. பயப்பிடாதேங்கோ, இது ஆளைக் கொல்லாது.”

பக்கத்தில் இருந்த பிலோமினா கேட்டாள்: “லோஞ்சிலை இருக்கிற ஆக்களை?”

டொக்டர் அவளைப் பார்த்தார்.

நோயோடு இருப்பது என்றால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். உப்பில்லாத கூழைக் குடித்துப் பாருங்கள், முதல் பாடம் விளங்கும். கடலில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கருவாடு விலக்கு! சுற்றுகிற நேரம் பெரிதல்ல. சுற்றாத நேரம்தான் கொடுமை, அடுத்தது எப்போது என்று காத்திருக்கிற நேரம். கிணற்றடிக்குத் தனியே போகக்கூடாது. முகத்தில் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்க வேண்டும். கடைசி மகளைத் தோளில் தூக்கப் பயம். அவள் கையை நீட்டுவாள், நான் குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி நடிப்பேன். கலியாண வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால், ஒற்றைக் காதுக்கு அது பெருங்காற்று. கைகழுவப் போகிற சாக்கில் வீட்டுக்கு வந்துவிடுவேன். பூசையில் முழந்தாளில் இருந்து எழும்பினால் ஆடுவேன். பின்வரிசை வாங்கில் இருக்கிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சந்தையில் கொஞ்சம் சரிந்தால், “சூசை இப்ப பகலிலையும்” என்று காதில் விழும். நல்ல காதில்தான் விழும். பகிடி விடுவதை நிறுத்திவிட்டேன். எல்லாவற்றிலும் மோசமான குறி அதுதான் என்று பிலோமினா டொக்டரிடம் முறைப்பாடு செய்தாள்.

பிறகு அது என்னை விட்டது. மாதங்கள் போயின, ஒரு சுற்றுக்கூட இல்லை. மகளைத் தோளில் தூக்கினேன். களவாக ஒரு துண்டுக் கருவாடு தின்றேன். சண்டை மறுபடி தொடங்குவதற்கு முந்தின வருடத் திருவிழா நெருங்கியது. முதலாளியின் மற்றச் சுக்கான்காரன் கனடாவுக்குப் போய்விட்டான். ஒரு பின்னேரம் முதலாளி தானே என் வீட்டுக்கு வந்தார்.

“நல்லாய் இருக்கிறீர் எண்டு கேள்வி.”

“ஓம், முதலாளி.”

“ஆளில்லை. சனம் கரையிலை காயுது. திருவிழா முடியும் மட்டும் பிடிக்கேலுமோ?”

டொக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. அதைவிட, சுக்கான் கைக்குள் இருக்கிற உணர்வு ஞாபகம் இருந்தது. “ஓம்” என்றேன். குசினி வாசலில் நின்ற பிலோமினா உள்ளே போனாள். பிள்ளைகளின் உயிர்த்த ஞாயிறு உடுப்புகளை எடுத்து ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கத் தொடங்கினாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

காலையில் சுக்கானடியில் நின்றேன். கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி. சனம் பலகையால் இறங்கி வந்தது. பட்டுச் சேலைகள், அர்ச்சனைத் தட்டுகள், அவற்றுக்கு நடுவே பிலோமினா. மூன்று பிள்ளைகளும் கூட. வந்து எனக்கு நேர் முன்னால், முதல் வாங்குப் பலகையில் இருந்தாள்.

“எங்கை வெளிக்கிட்டனீ?”

“நயினாதீவுக்கு.”

“நாங்கள் வேதக்காரர். அம்மன் கோயில் திருவிழாவிலை உனக்கென்ன வேலை?”

“கோயிலுக்கு இல்லை. போயிட்டு, இதே லோஞ்சிலை திரும்பி வருவம். பிறகு திரும்பவும் போவம்.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“நீங்கள் ஓட்டுற அளவுக்கு. நாளைக்கும் வருவம்.”

“பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம்?”

“அப்பா ஓட்டேக்கை பிள்ளையளுக்கு என்ன பயம்? அங்கை பாருங்கோ, மற்றவையின்ரை பிள்ளையளும்தானே வருதுகள்.”

சொல்லிவிட்டுக் கடைசி மகளின் தலைநாடாவைச் சரிப்படுத்தினாள். நான் சிரித்துப் பார்த்தேன், அவளும் சிரிப்பாளா என்று. சிரிக்கவில்லை. அந்த நாடாவில் முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், திரும்பவும் போட்டாள்.

சுக்கானிலிருந்து கையை எடுத்தேன். ஒட்டியிருந்த ஒன்றைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது.

“அருளப்பு அண்ணை, நீங்கள் பிடியுங்கோ. எஞ்சினை உங்கடை மருமோன் பாக்கட்டும்.”

அவர் கரையில் நின்ற முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஏதோ சொல்ல வாய் எடுத்தார். வாங்கில் வரிசையாக இருந்த என் பிள்ளைகளைப் பார்த்தார். கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் கைகாட்டினார். நான் போய் பிலோமினாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் மகளை மடியில் தூக்கி இடம் விட்டாள்.

இனி எழுதப்போவதை நீங்கள் பகிடி என்று சொன்னால், அவளிடமே கேளுங்கள்.

கம்புகளுக்கு நடுவே, வழி ஒடுங்குகிற இடத்தில், லோஞ்ச் நேராகப் போய்க்கொண்டிருந்தது. யாரோ என்னைத் தள்ளினார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அதே கை. வாங்கிலிருந்து சரிந்து லோஞ்சின் அடித்தட்டில் போய் விழுந்தேன். பின்னாலேயே சுற்றும் வந்தது. பிலோமினா என் தலையைப் பிடித்துத் தன் காலோடு அணைத்துக்கொண்டாள். சத்தி எடுத்தேன். கண்ணைத் திறந்தபோது சுற்றுகிற வானத்துக்குக் கீழே அருளப்பு அண்ணையின் முதுகு தெரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சனமும் பதறவில்லை. தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

வெளியூர்க்காரி போல இருந்த ஒரு அம்மா மட்டும் குனிந்து, தன் அர்ச்சனைத் தட்டிலிருந்த தேசிக்காயை எடுத்து என் மூக்கடியில் பிடித்தார்.

“மணந்து பாரும், தம்பி, நிக்கும். கடல் ஒத்துவரேல்லைப் போலை. லோஞ்சிலை வாறது இதுதான் முதல் தரமோ?”

“ஓம், அம்மா,” என்றேன். “முதல் தரம்.”